பழைய ரெட்மி நோட் 4-ல ரூட், ரீஃப்ளாஷ்: எங்கெல்லாம் மாட்டும், மாட்டினா எப்படி வெளிய வர்றது

2017 ஜனவரியில 9,999 ரூபாய்ல ஆரம்பிச்சு வந்த ரெட்மி நோட் 4 இன்னும் எத்தனையோ வீட்டு டிராயர்ல உயிரோடதான் கெடக்கு. ஸ்நாப்டிராகன் 625 சூடே ஆகாத சிப்பு, 4100 எம்ஏஎச் பேட்டரி, மெட்டல் பாடி, ஹார்ட்வேர்ல இன்னைக்கும் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனா கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர் ஆண்ட்ராய்டு 7, அதுக்கு மேல ஷாவ்மி போடுற எம்ஐயுஐ 11-ஓட நின்னுபோச்சு, அதனால பல ஆப் இன்ஸ்டாலே ஆகாது. சரி கஸ்டம் ரோம் (வெளி டெவலப்பர்கள் செஞ்ச வேற ஆண்ட்ராய்டு) போட்டு, ரூட் பண்ணி (சிஸ்டத்தோட முழு உரிமையை எடுத்து) இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு உக்காந்தா பாதி வழியில லோகோவுலயே நின்னுடும், உடனே "ப்ரோ ஃபோன் செத்துடுச்சு"ன்னு மெசேஜ் வரும்.

பெரும்பாலும் செத்திருக்காது. இந்த ஃபோனை சாகடிக்கிறது முதல் எரர் இல்ல, அந்த எரரைப் பார்த்து பயந்துபோய் அடுத்தடுத்து கைக்குக் கிடைச்ச ஜிப்பை எல்லாம் ஃப்ளாஷ் பண்றதுதான், அதாவது ஃபோன் ஸ்டோரேஜ்ல எழுதுறதுதான். அதனால முதல் வேலை, ஃபோன் இப்போ எந்த எடத்துல நிக்குதுன்னு பாக்குறது. பவர் பட்டனை ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா ஃபோன் கட்டாயமா ரீஸ்டார்ட் ஆகும். வால்யூம் டவுனும் பவரும் சேத்து அமுக்கினா ஃபாஸ்ட்பூட், அதாவது கம்ப்யூட்டர்ல இருந்து கேபிள் வழியா ஃபோன்ல எழுதுற மோடு, ஸ்க்ரீன்ல தொப்பி போட்ட முயல் ஒண்ணு ஆண்ட்ராய்டு பொம்மைய ரிப்பேர் பண்ணிட்டு உக்காந்திருக்கும். வால்யூம் அப்பும் பவரும் அமுக்கினா ரெக்கவரி, அதாவது ஆண்ட்ராய்டு ஆன் ஆகாமலே அழிக்கவும் இன்ஸ்டால் பண்ணவும் இருக்கிற தனி மெனு. முயல் வருதுன்னா உங்க ஃபோன் சாகல, கேபிள் வழியா எல்லாத்தையும் திருப்பி எழுதலாம், நிம்மதியா டீ குடிச்சுட்டு வாங்க. முயலும் இல்ல, ரெக்கவரியும் இல்ல, ஸ்க்ரீன் கருப்புன்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு, கடைசியில சொல்றேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

மொதல்ல உங்ககிட்ட இருக்கிறது எந்த நோட் 4-னு உறுதி பண்ணுங்க, ஏன்னா அந்தப் பேர்ல ரெண்டு ஃபோன் இருக்கு. இந்தியாவுல வித்தது ஸ்நாப்டிராகன், அதோட கோட்நேம் மிடோ. சீனாவுல 2016-லயே வந்தது மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 சிப்பு, அதுக்கு கோட்நேம் நிகல். வெளிநாட்டுல இருந்து யாராவது வாங்கிட்டு வந்தது, இல்ல செகண்ட் ஹேண்ட்ல எடுத்ததுன்னா அது நிகலா இருக்க வாய்ப்பு உண்டு. மிடோ ரோமை நிகல்ல ஃப்ளாஷ் பண்ணக் கூடாது, சிப்பே வேற. ஃபோன் ஆன் ஆகி இருக்கும்போது யுஎஸ்பி டீபக்கிங் போட்டு, கம்ப்யூட்டர்ல இருந்து ஃபோனுக்கு கமாண்ட் அனுப்புற ஏடிபி ஷெல்ல கெட்ப்ராப் கமாண்டால ப்ராடக்ட் டிவைஸ் என்னன்னு கேட்டா ஒரே வார்த்தையில மிடோன்னு பதில் வரும். நோட் 4எக்ஸ்னு டப்பால போட்டு ஸ்நாப்டிராகன் இருந்தா அதுவும் மிடோதான், கவலை வேண்டாம்.

அடுத்தது வயசு சம்பந்தப்பட்ட விஷயம். இத்தனை வருஷம் சார்ஜ் போட்டுப் போட்டு மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டு லூசாகியிருக்கும், கேபிளைக் கொஞ்சம் ஆட்டினா சார்ஜிங் கட்டாகி கட்டாகி வருதுன்னா அந்த போர்ட்டை வச்சுக்கிட்டு ஃப்ளாஷ் பண்ண உக்காராதீங்க, பாதி சிஸ்டம் எழுதிட்டு இருக்கும்போது கனெக்ஷன் போனா அதுதான் நெஜமான தலைவலி. கடையில சார்ஜிங் போர்டு மாத்துறது சின்ன செலவு, மொதல்ல அதைப் பண்ணுங்க. பேட்டரியும் அப்படித்தான், 60 பர்சன்ட்டுக்கு மேல இருக்கணும், 30-ல இருந்து திடீர்னு ஆஃப் ஆகுற பேட்டரின்னா ஃபுல் சார்ஜ் பண்ணிட்டு ஆரம்பிங்க. கூகுள் அக்கவுண்ட்டை செட்டிங்ஸ்ல போய் ரிமூவ் பண்ணிடுங்க, இல்லன்னா எல்லாம் முடிஞ்சு ஃபோன் ஆன் ஆகும்போது பழைய ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டு நிக்கும், அந்த பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிற ஆளை நான் இன்னும் பாக்கல.

ஃபோட்டோ, காண்டாக்ட் எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏத்திடுங்க. ஆன் ஆகும்போது எந்த சாஃப்ட்வேரை ஓட விடலாம்னு பாக்குற பூட்லோடர் அன்லாக் ஆகும்போதே உள்ள இருக்கிற எல்லாம் அழிஞ்சுடும், அதுல பேரம் கிடையாது.

பூட்லோடர் அன்லாக்

எம்ஐ அக்கவுண்ட்ல லாகின் பண்ணி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ஓஇஎம் அன்லாக்கிங் ஆன் பண்ணி, அங்கேயே இருக்கிற எம்ஐ அன்லாக் ஸ்டேட்டஸ்ல போய் அக்கவுண்ட்டையும் டிவைஸையும் சேக்கணும். இங்கதான் முக்காவாசிப் பேர் மாட்டுவாங்க. வைஃபையில இருந்து பண்ணினா சேராது, சிம் போட்டு மொபைல் டேட்டாவுல பண்ணணும். டேட்டாவுலயும் சேரலன்னா அக்கவுண்ட்டை லாகவுட் பண்ணி திரும்ப லாகின் பண்ணிப் பாருங்க, ஃபைண்ட் டிவைஸும் ஆன்ல இருக்கணும்.

சேந்துடுச்சுன்னா கம்ப்யூட்டர்ல எம்ஐ அன்லாக் டூல் திறந்து, அதே அக்கவுண்ட்ல லாகின் பண்ணி, ஃபோனை ஃபாஸ்ட்பூட்ல போட்டு கனெக்ட் பண்ணி அன்லாக் அமுக்குங்க. உடனே அன்லாக் ஆகாது, இத்தனை மணி நேரம் கழிச்சு வாங்கன்னு சொல்லும், 72 மணி நேரமும் வரும், 168-உம் வரும், அதுக்கு மேலயும் வரும். அதுவரைக்கும் ஃபோனை சும்மா பயன்படுத்துங்க. நடுவுல திரும்ப போய் அக்கவுண்ட்டை சேக்குற பட்டனை அமுக்கினா கடிகாரம் முதல்ல இருந்து ஆரம்பிச்சுடும், பொறுமை இல்லாம தெனமும் அமுக்கிட்டு "ஒரு வாரமா அதே 168 காட்டுது"ன்னு சொல்றவங்க கதை இதுதான். காசு வாங்கிட்டு உடனே அன்லாக் பண்ணித் தர்றேன்னு வர்றவங்ககிட்ட அக்கவுண்ட் பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க.

அன்லாக் ஆச்சான்னு சந்தேகமா இருந்தா ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் டிவைஸ்-இன்ஃபோ கமாண்ட் அடிங்க, டிவைஸ் அன்லாக்டு ட்ரூன்னு வரணும். ஃபால்ஸ்னு வந்தா அதுக்கப்புறம் இருக்கிற எதையும் படிச்சு பிரயோஜனம் இல்ல, எந்த இமேஜை எழுதினாலும் லாக் ஸ்டேட்ல அனுமதி இல்லன்னுதான் பதில் வரும்.

கம்ப்யூட்டருக்கு ஃபோன் தெரியல

ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்னு அடிச்சா சீரியல் நம்பர் வரணும். வெறும் காலியா வந்தாலோ, வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்னு தொங்கினாலோ மொதல்ல கேபிளை மாத்துங்க. சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், உள்ள டேட்டா வயரே இருக்காது. அப்புறம் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்க, ஆண்ட்ராய்டுன்னு ஒரு பேருக்கு பக்கத்துல மஞ்சள் முக்கோணம் இருந்தா டிரைவர் இல்லன்னு அர்த்தம். விண்டோஸ் அப்டேட்ல ஆப்ஷனல் அப்டேட்ஸ்னு ஒரு எடம் இருக்கு, ஃபோனை ஃபாஸ்ட்பூட்ல கனெக்ட் பண்ணி வச்சுக்கிட்டு அங்க பாத்தீங்கன்னா ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ் டிரைவர் பெரும்பாலும் அங்கேயே வந்து நிக்கும், கண்ட கண்ட சைட்ல டிரைவர் பேக் எறக்கவே வேண்டாம். லினக்ஸ்ல நோ பெர்மிஷன்ஸ்னு வந்தா யூடெவ் ரூல்ஸ் போடணும், அவசரத்துக்கு சூடோ போட்டும் ஓட்டலாம்.

புது லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்குன்னே ஒரு வினோதமான பிரச்சனை உண்டு. டிவைசஸ் கமாண்டுக்கு சீரியல் நம்பர் அழகா வரும், ஆனா ஏதாவது ஃப்ளாஷ் கமாண்ட் அடிச்ச உடனே முயல் மறைஞ்சு, கருப்பு ஸ்க்ரீன் மூலையில சின்ன எழுத்துல ப்ரெஸ் எனி கீ டு ஷட்டவுன்னு வந்து நிக்கும். ஃபோன்ல கோளாறு இல்ல, இமேஜ்லயும் கோளாறு இல்ல. பழைய ஃபாஸ்ட்பூட்டுக்கும் யுஎஸ்பி 3 கண்ட்ரோலருக்கும் ஒத்துப்போறதில்ல, அதுவும் ரைசன் மெஷின்ல இது சகஜம். யுஎஸ்பி 2.0 போர்ட்டு இருந்தா அதுல சொருகுங்க, இல்லன்னா மலிவான ஒரு யுஎஸ்பி 2.0 ஹப் வாங்கி நடுவுல போடுங்க, அத்தோட முடிஞ்சது. இந்த ஒரு விஷயம் தெரியாம ஃபோனைப் பிரிச்சவங்களும் இருக்காங்க.

டிடபிள்யூஆர்பி ஏத்துறது

டிடபிள்யூஆர்பிங்கிறது கம்பெனி ரெக்கவரிக்கு பதிலா போடுற கஸ்டம் ரெக்கவரி. மிடோவுக்கான அதோட இமேஜை எறக்கி, பேரை ட்வர்ப்னு சின்னதா மாத்திக்கோங்க, ஏடிபி, ஃபாஸ்ட்பூட் ரெண்டும் இருக்கிற பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஃபோல்டர்லயே போடுங்க. உடனே ஃப்ளாஷ் பண்ணாம ஃபாஸ்ட்பூட் பூட் கமாண்டால அந்த இமேஜை ஒரு தடவை சும்மா பூட் பண்ணிப் பாருங்க, டச் வேலை செய்யுதா, ஸ்டோரேஜ் தெரியுதான்னு பாத்துட்டு அப்புறமா ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் ரெக்கவரி பண்ணலாம். டிஸ்ப்ளே மாத்தின ஃபோன்ல டிடபிள்யூஆர்பியில டச் வேலை செய்யாமப் போறதும் நடக்கும், அப்போ ஓடிஜி வழியா மவுஸ் சொருகினா அம்புக்குறி வந்துடும், அதை வச்சே முழு வேலையையும் முடிக்கலாம்.

ஃப்ளாஷ் ஆனதும் ஃபாஸ்ட்பூட்ல இருந்தே நேரா வால்யூம் அப்பும் பவரும் அமுக்கி ரெக்கவரிக்குள்ள போயிடணும். ஆர்வத்துல ரீபூட் அடிச்சு எம்ஐயுஐ-க்குள்ள போனீங்கன்னா அது ஆன் ஆகும்போதே தன்னோட பழைய ரெக்கவரியை திரும்ப எழுதிடும், நீங்க "டிடபிள்யூஆர்பி ஏறவே மாட்டேங்குது"ன்னு திரும்பத் திரும்ப அதையே பண்ணிட்டு இருப்பீங்க. முதல் தடவை உள்ள போகும்போது மாடிஃபிகேஷனை அனுமதிக்கவான்னு ஸ்வைப் கேக்கும், ஸ்வைப் பண்ணுங்க. ஆனா அதுக்கப்புறம் ரோம் எதுவும் போடாம பழைய எம்ஐயுஐ-லயே இருக்கப் போறீங்கன்னா வெளிய வர்றதுக்கு முன்னாடி மேஜிஸ்க் (ரூட் கொடுக்கிற டூல், கீழ வருது) ஃப்ளாஷ் பண்ணிடணும், இல்லன்னா டிஎம்-வெரிட்டிங்கிற சரிபார்ப்பு சிஸ்டத்துல கை வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சு எம்ஐ லோகோவுலயே நிறுத்திடும்.

இப்போ இன்டர்னல் ஸ்டோரேஜ் 0 எம்பின்னு காட்டுதா? இல்ல, எப்பவும் வைக்காத பாஸ்வேர்டை கேக்குதா? பயப்பட ஒண்ணுமில்ல, எம்ஐயுஐ டேட்டாவை என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்கு, டிடபிள்யூஆர்பியால அதைத் திறக்க முடியல, அவ்ளோதான். கேன்சல் அமுக்கிட்டு வைப் பக்கம் போய், ஃபார்மட் டேட்டாவைத் தொட்டு, எஸ்னு டைப் பண்ணுங்க. வைப்ல இருக்கிற அட்வான்ஸ்டு வைப்பும் ஃபார்மட் டேட்டாவும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க, அட்வான்ஸ்டு வைப் ஃபைலை மட்டும் அழிக்கும், பூட்டு அப்படியே இருக்கும். ஃபார்மட் டேட்டாதான் பூட்டையே உடைக்கும். பண்ணிட்டு ரெக்கவரியையே ஒரு தடவை ரீபூட் பண்ணினா ஸ்டோரேஜ் ஒழுங்கா தெரியும்.

பேக்கப், இதைத் தாண்டிப் போகாதீங்க

ரோம் போனா நெட்ல கெடைக்கும். உங்க ஃபோனோட ஐஎம்இஐ (அடையாள நம்பர்), நெட்வொர்க் காலிபரேஷன் இதெல்லாம் உங்க ஃபோன்ல மட்டும்தான் இருக்கு, வேற எங்கயும் கெடைக்காது. குவால்காம் ஃபோன்கள்ல இது மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜின்னு சின்னச் சின்ன பார்ட்டிஷன்ல, அதாவது ஸ்டோரேஜ்ல தனியா பிரிச்சு வச்ச பகுதியில, இருக்கு, டிடபிள்யூஆர்பியில ஈஎஃப்எஸ்னு டிக் பண்ணினா வரும். பெர்சிஸ்ட்னு இன்னொண்ணு, சென்சார் சம்பந்தமான தகவல் அதுல இருக்கும். ரெண்டையும், கூடவே பூட் பார்ட்டிஷனையும் டிக் பண்ணி எஸ்டி கார்டுல பேக்கப் எடுத்து, அந்த ஃபோல்டரை கம்ப்யூட்டருக்கும் ஒரு காப்பி போடுங்க. மொத்தமா சில நிமிஷ வேலைதான்.

இது எதுக்குன்னு கேக்கலாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, இந்த ஃபோன்ல எல்லா காலும் 4ஜி வோல்ட்டி, அதாவது 4ஜி டேட்டா மேலயே போற கால், வழியாத்தான். ஏர்டெல் சிம்மா இருந்தா வோல்ட்டி போனாலும் 2ஜி-க்கு எறங்கி கால் பேசிடலாம், ஜியோ சிம்ல நெட் சூப்பரா ஓடும் ஆனா கால் போகாது வராது. ரோம் மாத்தி மாத்திப் போட்டு ஈஎஃப்எஸ் கெட்டுப்போன ஃபோன்ல நெலம இதுதான், யூட்யூப் 4ஜி-ல ஓடிட்டு இருக்கும், பக்கத்து ரூம்ல இருந்து கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லும். அப்படி ஆச்சுன்னா *#06# அடிங்க. ஐஎம்இஐ ரெண்டும் சரியா வந்தா *#*#4636#*#* போய் ஃபோன் இன்ஃபர்மேஷன்ல வோல்ட்டி ப்ரொவிஷன்டு ஆன்ல இருக்கா பாருங்க, அது ரோம் லெவல் பிரச்சனை, வேற ரோமோ ஃபர்ம்வேரோ போட்டா சரியாகும். ஐஎம்இஐ 0-ன்னோ காலியாவோ வந்தா ஈஎஃப்எஸ் பேக்கப்பை ரெஸ்டோர் பண்றதுதான் வழி. அடுத்தவங்க ஈஎஃப்எஸ் ஃபைலை எடுத்துப் போட்டா அவங்க ஐஎம்இஐ உங்க ஃபோன்ல வந்துடும், ஐஎம்இஐ மாத்துறது நம்ம ஊர்ல கிரிமினல் குத்தம், அந்தப் பக்கமே போகாதீங்க.

ரோம் ஃப்ளாஷ் பண்ணும்போது வர்ற எரர்

வரிசை எளிமையானது. டால்விக், சிஸ்டம், டேட்டா, கேஷ் வைப், அப்புறம் தேவைப்பட்டா ஃபர்ம்வேர் (மோடம் மாதிரி ஹார்ட்வேரை ஓட்டுற சாஃப்ட்வேர்), அப்புறம் ரோம், அப்புறம் ஜிஆப்ஸ் (ப்ளே ஸ்டோர் மாதிரி கூகுள் ஆப்புகள்), அப்புறம் ரீபூட். வேணும்னா இங்கேயே மேஜிஸ்க் போடலாம், ஆனா என் கருத்துல முதல் தடவை ரோம் ஒழுங்கா ஆன் ஆகுதான்னு பாத்துட்டு அப்புறம் ரூட் பண்றதுதான் நல்லது, எல்லாத்தையும் ஒரே மூச்சுல போட்டு, முழுசா ஆன் ஆகாம லூப் ஆச்சுன்னா எது காரணம்னு தேடியே பொழுது போயிடும்.

எரர் 7 வந்தா அந்த நம்பரை விட்டுட்டு அதுக்கு மேல இருக்கிற வரியைப் படிங்க. இந்த பேக்கேஜ் மிடோவுக்கானது, உங்க டிவைஸ் வேறன்னு சொன்னா ரெண்டு காரணம்தான், ரோம் தப்பு, இல்லன்னா டிடபிள்யூஆர்பி பழசு. மோடம் வெர்ஷன், டிஇசட் வெர்ஷன்னு ஏதாவது சொல்லி நின்னா ஃபர்ம்வேர் பழசு, மிடோவுக்கான ஃபர்ம்வேர் ஜிப்பை மொதல்ல ஃப்ளாஷ் பண்ணிட்டு திரும்ப ரோம் போடுங்க. ஜிப்பைத் திறந்து அப்டேட்டர் ஸ்க்ரிப்ட்ல அசர்ட் வரியை அழிச்சுட்டா எரர் போயிடும்னு நிறைய பேர் சொல்லித் தர்றாங்க. போயிடும்தான், வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கிட்டா திருடன் வந்ததா யாரும் சொல்ல மாட்டாங்க, அந்த மாதிரி.

ஃபெயில்ட் டு மவுண்ட் வெண்டர்னு வந்தா அது தனி கதை. மிடோ வந்த காலத்துல ட்ரெபிள்னு ஒண்ணு (ஆண்ட்ராய்டையும் ஹார்ட்வேர் சம்பந்தமான கோடையும் பிரிச்சு வைக்கிற அமைப்பு) இல்ல, அந்த கோடு இருக்கிற வெண்டர் பார்ட்டிஷனும் இல்ல. பின்னாடி டெவலப்பர்கள் சும்மா கெடந்த கஸ்ட் பார்ட்டிஷனை வெண்டரா மாத்தி ட்ரெபிள் ரோம் ஓட வச்சாங்க, நல்ல மூளை. அந்த மாதிரி ரோமுக்கு அதைப் புரிஞ்சுக்குற ட்ரெபிள் டிடபிள்யூஆர்பிதான் வேணும், சாதாரணது போதாது. ரோம் பக்கத்துல எந்த ரெக்கவரின்னு டெவலப்பர் எழுதியிருப்பாரு, படிங்க.

ஜிஆப்ஸ்ல எரர் 70 வந்தா சிஸ்டம் பார்ட்டிஷன்ல எடம் பத்தல, சின்ன பேக்கேஜ் எடுங்க, நானோ, பீகோ இதுவே தாராளம். மிடோவுக்கு ஆர்ம்64 (64-பிட் சிப்புக்கானது), ஆண்ட்ராய்டு வெர்ஷன் ரோமோட வெர்ஷனேதான் இருக்கணும். ரோம் போட்டு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் ஜிஆப்ஸ் போட்டா செட்டப் விசார்டு நின்னுடுச்சு நின்னுடுச்சுன்னு பாப்அப் வந்துகிட்டே இருக்கும், அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல போடணும்.

ஜிப் கரப்டட்னு வந்தா டவுன்லோடு அரைகுறை. பக்கத்துல கொடுத்திருக்கிற ஹேஷ் நம்பரோட ஒத்துப்பாத்தா தெரிஞ்சுடும். கம்ப்யூட்டர்ல இருந்து கேபிள் வழியா ஜிப்பை அனுப்புற ஏடிபி சைட்லோடுல 47 பர்சன்ட்ல நின்னு ஃபெயில்டுன்னு சொல்லி பக்கத்துலயே சக்சஸ்னும் போட்டா, அது வெற்றிதான். சிரிக்காதீங்க, நெஜமாவே அப்படித்தான் வரும். ஃபோன் ஸ்க்ரீன்ல எரர் இல்லன்னா போயிட்டே இருங்க.

என்ன எரர்னே புரியலன்னா டிடபிள்யூஆர்பி அட்வான்ஸ்டுல காப்பி லாக் இருக்கு, ரெக்கவரி லாக் எஸ்டி கார்டுல விழும். உதவி கேக்கும்போது அந்த லாகைக் கொடுங்க, "ஆகல ப்ரோ"ன்னு மட்டும் எழுதினா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

பூட்லூப்

முதல் பூட்டுக்கு அஞ்சு பத்து நிமிஷம் ஆகும், அது லூப் இல்ல. இருபது நிமிஷம் தாண்டியும் வரலன்னா எங்க நிக்குதுன்னு கவனிங்க. எம்ஐ லோகோவுலயே நின்னு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆச்சுன்னா சிஸ்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, சந்தேகம் பூட் இமேஜ், அதுக்குள்ள இருக்கிற கர்னல் (ஆண்ட்ராய்டோட அடித்தளம்), ஃபர்ம்வேர் மேல. ரோமோட அனிமேஷன் வரைக்கும் வந்து சுத்திக்கிட்டே இருந்தா கர்னல் ஓகே, சந்தேகம் டேட்டா, ஜிஆப்ஸ், மேஜிஸ்க் மாட்யூல் (ரூட்டோட சேத்துப் போடுற கூடுதல் வசதி) மேல.

அனிமேஷன்ல நின்னா மொதல்ல ஃபார்மட் டேட்டா பண்ணி ஜிஆப்ஸ் இல்லாம ரோமை மட்டும் போட்டுப் பாருங்க. வந்துடுச்சுன்னா ஜிஆப்ஸ்தான் காரணம். அப்பவும் வரலன்னா டேட்டா பார்ட்டிஷன் எஃப்2எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம்ல இருக்கான்னு பாருங்க, சில கர்னல் அதைப் படிக்காது, என்கிரிப்ஷன் அன்சக்சஸ்ஃபுல்னு கூட சொல்லும். வைப்ல சேஞ்ச் ஃபைல் சிஸ்டம் போய் ஈஎக்ஸ்டி4 ஆக்கிடுங்க. லோகோவுலயே நின்னா ரோம் ஜிப்குள்ள இருக்கிற பூட் இமேஜை எடுத்து ஃபாஸ்ட்பூட்ல பூட் பார்ட்டிஷனுக்கு எழுதிப் பாருங்க, அதுக்கும் அசையலன்னா ஃபர்ம்வேர்.

மேஜிஸ்க்

ஒரு காலத்துல ரூட்டுக்கு சூப்பர்எஸ்யு இருந்துச்சு, அதுக்கு நடுவுல கம்ப்யூட்டரே வேண்டாம்னு சொல்லி வந்த ஒரே கிளிக் ஆப்புகள். அந்த ஒரே கிளிக் சமாச்சாரத்தை இன்னைக்கு தொடவே தொடாதீங்க, உள்ள என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது. மேஜிஸ்க் 2016-ல இருந்து இருக்கு, சோர்ஸ் கோடு வெளிப்படையா இருக்கு, அது சிஸ்டத்தைத் தொடாம பூட் இமேஜை மட்டும் மாத்தும்.

நீங்க போட்ட அதே ரோம் ஜிப்ல இருந்து பூட் இமேஜை எடுத்து ஃபோன்ல வச்சு, மேஜிஸ்க் ஆப்ல பேட்ச் பண்ணி, வந்த ஃபைலை கம்ப்யூட்டருக்கு எடுத்து ஃபாஸ்ட்பூட்ல பூட் பார்ட்டிஷனுக்கு எழுதுங்க. அதே ரோம், அதே தேதி பில்டு, இது முக்கியம். போன மாச பில்டோட பூட் இமேஜை இந்த மாச பில்டுல போட்டா வைஃபை போகும், சவுண்ட் போகும், இல்ல லோகோவுல நிக்கும். பேட்ச் பண்ணாத ஒரிஜினல் பூட் இமேஜை பத்திரமா வச்சுக்கோங்க, எது நடந்தாலும் அதைத் திரும்ப எழுதினா ரூட் போய் ஃபோன் வந்துடும்.

மாட்யூல் போட்டு லூப் ஆச்சுன்னா ரோமையெல்லாம் அழிக்க வேண்டாம். டிடபிள்யூஆர்பி ஃபைல் மேனேஜர்ல டேட்டா, ஏடிபி, மாட்யூல்ஸ்னு போய் கடைசியா போட்ட மாட்யூல் ஃபோல்டரை டெலிட் பண்ணுங்க. அங்க போக முடியலன்னா ஆன் ஆகும்போது வால்யூம் டவுன் அமுக்கிப் பிடிச்சு சேஃப் மோடுல போனாலும் மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் நிறுத்திடும்.

பேங்க் ஆப் திறக்கலையேங்கிற கேள்வி கண்டிப்பா வரும். பழைய வழிகாட்டில எல்லாம் ஆப்புக்கு ரூட் தெரியாம மறைக்கிற மேஜிஸ்க்ஹைடு ஆன் பண்ணச் சொல்லியிருப்பாங்க, அது 2022-ல வந்த 24-ஆம் வெர்ஷன்லயே தூக்கிட்டாங்க, இப்போ ஸிஜிஸ்க், டினைலிஸ்ட். கூகுளும் ஃபோன்ல யாராவது கை வச்சிருக்காங்களான்னு சோதிக்கிற சேஃப்டிநெட்டை விட்டுட்டு ப்ளே இன்டக்ரிட்டிக்கு மாறிடுச்சு. இது எலியும் பூனையும் ஆட்டம், இன்னைக்கு வேலை செய்யுற மாட்யூல் அடுத்த மாசம் செய்யாது. பேங்க் ஆப்புதான் முக்கியம்னா அந்த ஃபோனை ரூட் பண்ணாதீங்க, ரூட் பண்ணின ஃபோன்ல பணத்தை வைக்காதீங்க.

பழைய எம்ஐயுஐ-க்கே திரும்பணும்னா

ஃபாஸ்ட்பூட் ரோம், அதாவது டிஜிஇசட் ஃபைல், எறக்கி முழுசா விரிச்சு ஃப்ளாஷ் ஆல் பேட்ச் ஃபைலும் இமேஜஸ் ஃபோல்டரும் தெரியுற வரைக்கும் போங்க. சில டூல்ல ரெண்டு தடவை எக்ஸ்ட்ராக்ட் பண்ண வேண்டி இருக்கும். அந்த ஃபோல்டரை நேரா சி டிரைவ்ல சின்ன பேரோட வைங்க, நடுவுல ஸ்பேஸ் இருக்கக் கூடாது. டெஸ்க்டாப்ல நியூ ஃபோல்டர் டூக்குள்ள வச்சுட்டு, ஷாவ்மியோட ஃப்ளாஷ் டூலான எம்ஐஃப்ளாஷ் ஃபைல் இல்லன்னு அழுதா அது அதோட தப்பில்ல.

இப்போ எம்ஐஃப்ளாஷ் விண்டோவோட கீழ் ஓரத்தைப் பாருங்க. மூணு ஆப்ஷன் இருக்கும், கிளீன் ஆல், சேவ் யூசர் டேட்டா, கிளீன் ஆல் அண்ட் லாக். கண்ணுல படாத எடத்துல, பெரும்பாலும் தானாவே லாக்ல டிக் ஆகி உக்காந்திருக்கும். அதைக் கவனிக்காம ஃப்ளாஷ் அமுக்கினா ரோமும் ஏறும், பூட்லோடரும் பூட்டிக்கும், திரும்ப அந்த மணி நேரக் கணக்கெல்லாம் முதல்ல இருந்து. 2018-க்கு அப்புறம் வந்த ஷாவ்மி மாடல்கள்ல வேற ரீஜன் ரோமைப் போட்டு லாக் பண்ணிட்டா, இந்த எம்ஐயுஐ இந்த டிவைஸ்ல ஓடாதுன்னு ரெக்கவரியில வந்து நின்னுடும், அது பெரிய சிக்கல். கிளீன் ஆல் மட்டும் போடுங்க.

அதே காலத்து ரெட்மி நோட் 5 ப்ரோ வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதுல 2018-ல ஆன்டி ரோல்பேக் வந்துடுச்சு, பழைய ஃபாஸ்ட்பூட் ரோமுக்கு எறங்கினா ஃபோன் நேரா கருப்பு ஸ்க்ரீன்தான். ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டின்னு அடிச்சு நம்பரைப் பாத்துட்டுத்தான் கை வைக்கணும். நோட் 4-ல இந்தத் தொல்லை இல்ல.

கருப்பு ஸ்க்ரீன்

எந்த பட்டனுக்கும் அசையல, வைப்ரேஷன் இல்ல, சில சமயம் எல்இடி மட்டும் மினுக்கும். ஃபோனை கம்ப்யூட்டர்ல சொருகி டிவைஸ் மேனேஜரைத் திறங்க. போர்ட்ஸ் பகுதியில குவால்காம் எச்எஸ்-யுஎஸ்பி க்யூடிலோடர் 9008-னு ஒரு வரி வந்தா, அந்த வரிதான் உங்க ஃபோனோட நாடித்துடிப்பு. இதுதான் ஈடிஎல் மோடு, சிப்புக்குள்ளயே எழுதி வச்சிருக்கிறது, எந்த தப்பு ஃப்ளாஷாலயும் அதை அழிக்க முடியாது. குவால்காம் டிரைவரை டிரைவர் சிக்னேச்சர் செக்கை நிறுத்திட்டு இன்ஸ்டால் பண்ணி, எம்ஐஃப்ளாஷ்ல ரெஃப்ரெஷ் கொடுத்தா சீரியல் நம்பருக்கு பதிலா காம் போர்ட் நம்பர் வரும், அப்படியே ஃப்ளாஷ் பண்ணலாம்.

ஹலோ பாக்கெட்னு சொல்லி தொங்கினா கேபிளைப் பிடுங்காம பவர் பட்டனை நல்லா நீளமா அமுக்கிப் பிடிங்க, டிவைஸ் மேனேஜர்ல அந்த வரி மறைஞ்சு திரும்ப வரும், வந்த உடனே ஃப்ளாஷ் அமுக்குங்க, அடுத்த யுஎஸ்பி போர்ட்டுலயும் முயற்சி பண்ணுங்க. 9008 வரவே இல்லன்னா பின் கவரைத் திறந்து போர்டுல இருக்கிற டெஸ்ட் பாயிண்ட் புள்ளி ரெண்டையும் ட்வீசரால தொட்டுக்கிட்டே கேபிள் சொருகணும். அதுக்கு முன்னாடி பேட்டரி கனெக்டரைக் கழட்டணும், கவர் தூக்கும்போது ஃபிங்கர்பிரின்ட் ஃப்ளெக்ஸ் அறுந்துடாம பாக்கணும், கை நடுங்குதுன்னா கடையில கொடுத்துடுங்க.

எல்லாம் சரியா பண்ணியும் ஃபோன் கேக்கலன்னா இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கு. டிடபிள்யூஆர்பியில ஃபார்மட் டேட்டா பண்ணுங்க, சக்சஸ்ஃபுல்னு வரும். ரெக்கவரியையே ரீபூட் பண்ணி ஃபைல் மேனேஜர்ல பாருங்க. அழிச்ச ஃபைல் எல்லாம் அப்படியே திரும்ப நிக்குதுன்னா ஃபோனோட ஸ்டோரேஜான இஎம்எம்சி சிப் ஆயுசு முடிஞ்சு, எழுதுறதை ஏத்துக்காத நெலமைக்குப் போயிடுச்சு, பழைய ஃபோன்ல இதுவும் நடக்கும். அதுக்கு எந்த ரோமும் டூலும் வேலைக்கு ஆகாது. சென்னையில இருக்கிறவங்க ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரிச்சா சிப் மாத்துறவங்க கெடைப்பாங்க, ஆனா அவங்க கேக்குற காசையும் அதே மாடல் செகண்ட் ஹேண்ட்ல என்ன விலைக்குப் போகுதுங்கறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு கொடுங்க, போர்டு மாத்தினா ஐஎம்இஐ-யும் அந்த போர்டோடதுதான் வரும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, பழைய போர்டை கையில வாங்கிட்டு வந்துடுங்க.